நெடுந்தீவில் ஆள் இருக்கிறார்களா?

பாலக்கோட்டில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "நெடுந்தீவு அருகே மீன் பிடித்த ராமேஸ்வரம் மீனவர்கள் கைது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்த நெடுந்தீவு கச்சத்தீவு மாதிரி ஆள் இல்லாத இடமா? ஊர் இருக்கிறது என்றால் நடுக்கடலில் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்? நாம் போய்ப் பார்க்க முடியுமா?"

ஆள் இருக்கிறார்கள் தம்பி. நாலாயிரம் பேர் சுமாருக்கு வாழ்கிறார்கள், எல்லாரும் நம் மொழி பேசுகிறவர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், சர்ச், தபால் நிலையம், அரசு அலுவலகம் எல்லாம் உண்டு. நம் பத்திரிகைகளில் அந்தப் பெயருக்குப் பின்னால் 'அருகே' என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருவதால், அது கடலில் ஏதோ ஒரு புள்ளி என்று நமக்குப் பதிந்துவிட்டது. தர்மபுரியில் உட்கார்ந்திருக்கும் நமக்குக் கடலே இருநூறு கிலோமீட்டர் தள்ளி. தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு விதத்தில் நமக்கு அது அவ்வளவு தூரமும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அணைக்கட்டுகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும்; ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை முகாம் ஒன்று. அப்படி ஒரு முகாமில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் தீவுப் பக்கத்துக்காரர். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்தப் பக்கம் ஆர்வம் வந்தது, பிறகு நேரிலும் போய்ப் பார்த்தேன். நிலத்தடி நீர் பார்க்கும் வேலையில் இருந்தவன் என்பதால் என் பதில் தண்ணீர்ப் பக்கமே சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான வழி என்றும் நினைக்கிறேன்.

முதலில் இடம். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக் நீரிணையில் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று கொத்தாகத் தீவுகள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் கடலுக்குள் பாதை போட்டு இணைத்துவிட்டார்கள், பஸ் போகிறது. இந்தக் கொத்தில் ஆக வெளியே தனியாகக் கிடப்பது நெடுந்தீவு. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு எண்பது பேர் போல. தர்மபுரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 330-க்கு மேல். நம் மாவட்டத்தில் காடும் மலையும் நிறைய. அதையும் சேர்த்த கணக்கு அது. அப்படியானால் அங்கே எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வத்தல்மலையும் தீர்த்தமலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த ஊர் ஒரு மாதிரி இருக்கும். மேடே கிடையாது. ஆக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, பவளப் பாறை, அதன் மேல் ஒரு சாண் இரண்டு சாண் மண். வடக்கிலும் நடுவிலும் வீடுகளும் பனைகளும். தெற்கே போகப் போக வீடு குறைந்து வெறும் புல்வெளி, முள் புதர், அதைத் தாண்டிக் கடல். ஆறு, ஓடை எதுவும் இல்லை. கோடையில் புல் காய்ந்து நிலம் பழுப்பாகக் கிடக்கும்போது, கடல் மட்டும் இல்லாவிட்டால், அரூர்ப் பக்கத்து மேய்ச்சல் காடு என்றே நினைக்கலாம்.

இப்போது தண்ணீர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதுதான் அவர்களுக்கு வருஷத்துக்கு உண்டான வருமானம். விழுந்த மழை சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில் மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் தீவின் அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊடுருவி நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசு என்பதால் அதன் மேல் மிதக்கும், காய்ச்சிய பாலின் மேல் ஆடை கட்டுகிற மாதிரி. தீவின் நடுவில் இந்த அடுக்கு கொஞ்சம் தடிமன், கரைப் பக்கம் போகப் போக மெல்லிசு. இதற்கு ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும்.

அதனால் நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. நாம் இங்கே 300 அடியில் தண்ணீர் இல்லை என்றால் 600, அதிலும் இல்லை என்றால் 1000 அடி என்று போர் போட்டுக்கொண்டே போகிறோம். கடன் ஏறும், தண்ணீர் வந்தாலும் வரும். அங்கே ஆழம் போனால் வருவது கடல். கிணறு ஆழமில்லாமல், அகலமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஊற விட வேண்டும். சாராப்பிட்டி என்ற இடத்தில் பழைய கிணறுகள் பல நெருக்கமாக இருக்கின்றன. ஒரே பெரிய கிணறு வெட்டாமல் சின்னதாகப் பல வெட்டியவர்கள் யாராக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர்கள். ஒரே இடத்தில் இழுக்காமல் பரவலாக மேலாக எடுப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு நானும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கிணற்று நீரைக் குடித்துப் பார்த்தேன். இனிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் உப்பு இல்லை. தீவின் எல்லாக் கிணறும் அப்படி இல்லை. சில கிணறுகள் குளிக்க மட்டும், சில மாட்டுக்கு மட்டும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் எதற்கு ஆகும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது கடல்நீரைச் சுத்தம் செய்து குடிநீராக்கும் இயந்திரமும் வந்திருக்கிறது, ஆனாலும் கிணற்றை விட்டுவிடவில்லை.

நம் நிலத்தடி நீரில் புளோரைடு, அவர்கள் நீரில் உப்பு. நமக்குக் காவிரி பக்கத்தில் இருந்தது. 1,928 கோடி ரூபாயில் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் போட்டு 2013-ல் தண்ணீர் கொண்டுவந்தோம். அவர்களுக்குக் குழாய் போட எந்த ஆறும் இல்லை. சரி, ஒப்பிட்டது போதும்.

இந்தத் தண்ணீர்க் கணக்கு தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நெல் பெரிதாக இல்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் பயிர், அவ்வளவுதான். தண்ணீர் கேட்காத பனை உண்டு. புல் தின்னும் மாடும் ஆடும் உண்டு. சுற்றிலும் மீன் உண்டு. போர்ச்சுகீசியர்கள் இந்தத் தீவுக்கு வைத்த பெயரே மாடுகளின் தீவு என்றுதான். பசுத்தீவு என்று தமிழிலும் ஒரு பழைய பெயர் உண்டு. மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி யாழ்ப்பாணச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். பனையில் ஒன்றும் வீணாகாது: நுங்கு, பனாட்டு, கிழங்கு, ஓலை, மட்டை. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கிக் கூழ் காய்ச்சுவார்கள். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு வேகவைத்து, ஒடியல் மாவைக் கரைத்து விட்டு, காய்ந்த மிளகாயும் புளியும் அரைத்துச் சேர்த்தால் காரம் உச்சிக்கு ஏறும். பிலா இலையை மடித்துக் கரண்டி செய்து சூட்டோடு குடிக்க வேண்டும். ராகிக் களியில் வளர்ந்த எனக்கு முதல் வாய் கொஞ்சம் கசந்தது. மூன்றாவது இலைக்கு நானே கை நீட்டினேன். நம் குச்சிக்கிழங்கு அங்கே நண்டோடு வேகிறது என்பது எனக்குப் பிடித்துப்போன விஷயம்.

தெற்குப் புல்வெளியில் குதிரைகள் திரிகின்றன. சொந்தக்காரர் இல்லாத, லாடம் அடிக்காத, குட்டையான குதிரைகள். இங்கே இயற்கையாக வந்தவை இல்லை. போர்ச்சுகீசியர் காலத்தில் கொண்டுவந்து விட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பின் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் இங்கே குதிரைப் பண்ணையே நடத்தினார்கள். தீவாக இருப்பதில் ஒரு வசதி, வேலி போட வேண்டாம், குதிரை ஓடிப்போகாது. 1795-96-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் பண்ணை நடந்தது. நோலன் என்ற அயர்லாந்துக்காரர் அதைக் கவனித்து, தீவுக்கே ராஜா மாதிரி இருந்தார். லாயத்தின் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

இதைப் படிக்கும் ஓசூர்க்காரர்களுக்கு மத்திகிரி ஞாபகம் வந்திருக்கும். இன்று கால்நடைப் பண்ணை என்று நாம் பார்க்கும் அந்த 1,600 ஏக்கரும் 1824-ல் ஆங்கிலேயர் தங்கள் குதிரைப் படைக்காகத் தொடங்கியதுதான். அங்கே நிலம் குளிர்ச்சி, தண்ணீர் இருந்தது, அதனால் பண்ணை வேறு வேறு உருவத்தில் இருநூறு ஆண்டு நின்றுவிட்டது. நெடுந்தீவில் வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் போனான், குதிரைகள் மட்டும் பாக்கி. மழை முடிந்த மாதங்களில் பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கும். குட்டைகள் வற்றிய பிறகு விலா எலும்பை எண்ணலாம். கடும் வறட்சி வருஷங்களில் தண்ணீர் இல்லாமல் செத்தும் விழுகின்றன. சுற்றுலாப் படங்களில் அழகாக ஓடும் குதிரைகளின் மறுபக்கம் இது. 2015-ல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். என்னைக் கேட்டால் குதிரைக்குப் பூங்காப் பெயர்ப் பலகையைவிட ஒரு தண்ணீர்த் தொட்டி அவசரம்.

தீவில் கண்ணில் முதலில் படுவது வேலிகள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கருங்கல் தூண் நட்டு வேலி போடுகிறோம் இல்லையா, அங்கே மண்ணைத் தோண்டினாலே வரும் பவளக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுப்பளவு, சில இடத்தில் நெஞ்சளவு. சாந்து கிடையாது. பக்கத்தில் குனிந்து பார்த்தேன்: கல்லில் பவளத்தின் பூப்பூவான வடிவம் அப்படியே தெரிகிறது, சிலதில் சங்கு ஓடு பதிந்திருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி. காற்று அதன் வழியே புகுந்து போய்விடுவதால் சுவர் சாய்வதில்லை. கல்லைப் பொறுக்கி அடுக்கியதில் நிலமும் சுத்தமாகிறது, ஆடும் உள்ளே வராது. வீடு காலியாகிப் போனவர்கள் நிலத்திலும் வேலி மட்டும் நிற்கிறது. உள்ளே வீடு இல்லாத வேலிகள் நிறையப் பார்த்தேன்.

வரலாறு என்று எடுத்தால், இவ்வளவு சின்ன இடத்தில் எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். பவளக் கல்லில் கட்டிய பழைய பௌத்தத் தூபிகளின் அடிப்பாகம் இருக்கிறது. மக்கள் அதை வெடியரசன் கோட்டை என்கிறார்கள். வெடியரசன் யார் என்றால், ஈழத்துக் கண்ணகி கதைப்பாடல்களில் வருகிறவன். கண்ணகி சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலில் வர, அவனை மறித்துப் போர் செய்த தீவுத் தலைவன். நாம் சிலம்பு உடைந்த இடத்தில்தான் கதையைப் பிடிக்கிறோம், அவர்கள் பரல் வந்த இடத்திலேயே தொடங்குகிறார்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெருக்க மரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்துப் பொந்துக்குள் ஆள் நுழையலாம். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது அங்கே சொல்லும் கணக்கு. கோட்டை இடிபாடு ஒன்று, புறாக்கூடு ஒன்று. அந்தப் புறாக்கூடு கூம்பு வைத்த சின்னக் கட்டடம், சுவர் முழுக்கப் பொந்து. தபால் புறாக்களுக்காகக் கட்டியது.

பக்கத்துத் தீவு நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஊராத்துறை என்ற துறைமுகத்துக்கு வரும் கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று அதில் விதி: யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் என்றால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; வணிகச் சரக்கு என்றால் சரி பாதி. சிங்கள அரசன் கடல் வணிகத்துக்குத் தமிழில் விதி வெட்டியிருக்கிறான். அப்போதே இந்தக் கடலில் குதிரைக் கப்பல் போய்வந்தது என்பதும் தெரிகிறது. நம் நடுகற்களைப் போல யாராவது கொண்டாட வேண்டிய கல்.

டச்சுக்காரர்கள் ஒவ்வொரு தீவுக்கும் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர் வைத்தார்கள். லைடன், ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹார்லெம் எல்லாம் இங்கே இருந்தன. மற்றவை போய்விட்டன, டெல்ஃப்ட் என்பது மட்டும் இன்றும் வரைபடத்தில் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலச் செய்தியில் டெல்ஃப்ட் தீவு என்று வந்தால் இதுதான். உலகத் தமிழாராய்ச்சிக்கு அமைப்பு உருவாக்கி, 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடத்திய தனிநாயகம் அடிகளின் தந்தை வழி ஊரும் இந்தத் தீவுதான்.

இனி படகு. புங்குடுதீவின் முனையில் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரிசி மூட்டை, சிமென்ட், கேஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள், கோழி, பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாம் ஒரே படகில். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை மேலே வந்து விழும். பிரசவ வலி வந்தாலும் நெஞ்சு வலி வந்தாலும் படகுதான். 1985 மே 15 அன்று இந்த வழியில் போய்க்கொண்டிருந்த குமுதினி என்ற படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் உட்பட குறைந்தது 23 பேரை இலங்கைக் கடற்படையினர் வெட்டிக் கொன்றார்கள். ஆண்டுதோறும் துறையில் நினைவுநாள் வைக்கிறார்கள். அந்தப் படகைப் பழுதுபார்த்து அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓட்டினார்கள், ஏனென்றால் வேறு வழி இல்லை. முகாம் பெரியவர் மற்ற எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார். இதைப் பற்றிக் கேட்டபோது, "அது வேண்டாம் தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ" என்று முடித்துக்கொண்டார். 1990-களின் தொடக்கத்தில் தீவுகள் முழுக்கக் கடற்படைக் கட்டுப்பாட்டுக்குள் போயின. கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு, கனடா, நம் மண்டபம் முகாம் என்று ஊர் சிதறியதில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

அப்புறம், நீங்கள் கேட்ட கைதுச் செய்தி. ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகில் வருகிறவர்களும் கடனாளிகள்தான், அவர்கள் படகைப் பிடித்து வைத்தால் குடும்பமே நிற்கும், அது உண்மை. அதே சமயம் நெடுந்தீவு மீனவர் வைத்திருப்பது சின்ன ஃபைபர் படகும் சில வலைகளும். கடலடியைச் சுரண்டிப் போகும் இழுவை மடி ஒரு ராத்திரி அந்தப் பக்கம் வந்து போனால், விரித்து வைத்த வலை அறுந்து போகிறது, குஞ்சு மீனும் மிஞ்சுவதில்லை. இலங்கை 2017-ல் அடிமடி இழுவையைச் சட்டம் போட்டே தடை செய்தது. நம் தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு அரசுகள் மட்டும்தான் பேசும்; நடுவில் வலை இழந்த நெடுந்தீவுக்காரரும் தமிழர் என்பது பேச்சில் வராது. நீங்கள் சொன்ன கச்சத்தீவும் நிர்வாகத்தில் நெடுந்தீவோடு சேர்ந்ததுதான். 1974 ஒப்பந்தத்தில் இலங்கைப் பக்கம் போன அந்தத் தீவில் குடிநீர் இல்லை, அதனால் ஊரும் இல்லை. அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் வந்து போகிறார்கள். தண்ணீர் இருந்தால் ஊர், இல்லாவிட்டால் திருவிழா.

மின்சாரத்திலும் பெரிய நாடுகள் நுழைந்தன. டீசல் இயந்திரத்தில் ஓடும் இந்தத் தீவுக்கும் நயினாதீவு, அனலைதீவுக்கும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்கும் வேலை 2021-ல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபிக்க, அது நின்றது. 2022-ல் செலவை இந்தியாவே ஏற்பதாக ஒப்பந்தமாகி, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனத்தோடு கையெழுத்தானது.

போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். பாஸ்போர்ட் வேண்டும்; விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் பாருங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பல் தொடங்கினார்கள், கடல் கெட்டால் நிறுத்திவிடுவார்கள். நம் ஊரிலிருந்து நாகைக்கு ராத்திரி பஸ் பிடித்தால் அது தோதான வழி. யாழ்ப்பாணத்தில் தங்கி, விடியற்காலைப் பஸ்ஸில் குறிகட்டுவான் போய் முதல் படகைப் பிடியுங்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்: கடல் அடங்கியிருக்கும், புல்லில் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும், குதிரைகளும் தெம்பாக இருக்கும். தீவில் ஆட்டோ வாடகைக்குக் கிடைக்கும்; எல்லாம் சுற்ற நாலைந்து மணி நேரம் போதும். குடிக்கும் தண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே வாங்கிப் போங்கள், அவர்கள் கிணற்றில் கை வைக்காதீர்கள். இறங்கியதும் துறையிலேயே திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ராத்திரி தங்க ஓரிரு இடம்தான் உண்டு.